வலைக்காரனுக்குத் தலைக்கவசம் கிடையாது

மறைமலைநகரில் பிரேக் டிரம் செய்யும் ஒரு கம்பெனி இருக்கிறது. பெயர் வேண்டாம். வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதில் அவர்கள் பிரேக் டிரம் செய்வதைவிடக் கெட்டிக்காரர்கள். அங்கே மனிதர்கள் இரண்டு வகை. வெள்ளைச் சட்டைக்காரர்கள் நிரந்தரம், நீலச் சட்டைக்காரர்கள் ஒப்பந்தம். புதன்கிழமை கேன்டீனில் முட்டைக்குழம்பு வைத்தால் வெள்ளைச் சட்டைக்கு முட்டை விழும், நீலச் சட்டைக்குக் குழம்பு விழும். இதில் யாரும் குறை சொல்ல முடியாது. இரண்டும் ஒரே அண்டாவிலிருந்துதான் வருகின்றன.

அச்சரப்பாக்கத்துக் கலைவாணன் நீலச் சட்டை. அவன் அப்பா அடுத்தவன் வயலில் நாற்று நட்டவர். மகன் அடுத்தவன் மெஷினில் போல்ட் முடுக்குகிறான். இதற்கு ஊரில் முன்னேற்றம் என்று பெயர். பதினோராவது மாதம் முடிந்ததும் அவனை வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். அடுத்த மாதம் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். இப்படியே வருஷங்கள் ஓடி, காதோரம் நரைத்துவிட்ட பிறகும், கம்பெனியைப் பொறுத்தவரை அவன் நேற்று வந்த பையன்தான். வருஷா வருஷம் அதே சூப்பர்வைசர் அவனை அழைத்துக்கொண்டு போய்க் கழிவறை எங்கே இருக்கிறது என்று காட்டுவார். அவனும் மரியாதைக்கு ஆச்சரியப்படுவான்.

அசெம்பிளி லைனில் அவனுக்கு அடுத்த ஸ்டேஷனில் நிற்பவன் ஆல்வின். கலைவாணனின் மனைவி ஜெனிட்டாவின் தம்பி. ஆல்வினுக்கு மதுராந்தகத்தில் ஷாரோன் என்றொரு பெண்ணைப் பேசி முடித்திருந்தார்கள். பெண்ணின் அப்பா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: வெள்ளைச் சட்டை வந்த அன்றைக்குச் சர்ச்சில் கல்யாண ஓலை எழுதலாம்.

அந்த நேரம் பார்த்துத்தான் கம்பெனிக்கு இயந்திரக் கைகள் வந்து இறங்கின. ஆரஞ்சு நிறத்தில், தோள்பட்டையிலிருந்து விரல் வரைக்கும். அவற்றுக்கு முட்டையும் வேண்டாம், குழம்பும் வேண்டாம். நீலச் சட்டையில் பாதிப்பேரை அனுப்பியாக வேண்டும் என்று மேலிடத்தில் முடிவானது. ஆனால் அனுப்ப வேண்டிய மனிதவளப் பொது மேலாளர் ராமானுஜம் குடும்பத்தோடு ரோமாபுரிக்குச் சுற்றுலா போயிருந்தார். திரும்பி வந்த மறுநாளே எல்லா நீலச் சட்டைகளையும் கேன்டீனில் உட்காரவைத்து மைக்கைப் பிடித்தார்.

“நண்பர்களே, இதுவரைக்கும் நாம் ஆட்களை எப்படி அனுப்பினோம்? கேட்டில் ஒரு பேப்பர் ஒட்டினோம். ஒருத்தர் காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிறார், பேப்பரில் தன் பெயரைப் பார்க்கிறார், திரும்பிப் போக அந்த பஸ்ஸில்கூட ஏற முடியாமல் நடக்கிறார். இதில் மரியாதை இருக்கிறதா? இல்லை. இந்த வேதனையோடுதான் நான் விமானம் ஏறினேன். ரோமில் அந்த வட்ட அரங்கத்தைப் பார்த்தேன். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே அவர்கள் இந்தப் பிரச்சினையைத் தீர்த்திருக்கிறார்கள். ஒரு சாதாரண ஆளை அனுப்பும்போது ஊரே எழுந்து நின்று பார்த்திருக்கிறது. இத்தனை வருஷத்தில் உங்களை யாராவது எழுந்து நின்று பார்த்திருக்கிறார்களா? மனசாட்சியோடு சொல்லுங்கள்.”

மனசாட்சியோடு யோசித்தார்கள். யாரும் பார்த்ததில்லைதான்.

விஷயம் இதுதான். மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட். கம்பெனியின் குடும்ப விழா அங்கே. மணலில் ஒரு அரங்கம். நீலச் சட்டைகள் ஜோடி ஜோடியாக மோதுவார்கள். ஜெயித்தவனுக்கு மரக்கத்தியும் வெள்ளைச் சட்டையும். ரோமில் விடுதலை பெற்ற வீரனுக்கு மரக்கத்திதான் கொடுப்பார்களாம். தோற்றவன் மணலில் கிடப்பான். மேடையில் இருக்கும் நிரந்தர ஊழியர் குடும்பங்கள் கட்டைவிரலை மேலே காட்டினால் அவன் இன்னொரு பதினோரு மாதம் நீலச் சட்டையில் இருக்கலாம். கீழே காட்டினால் விடுவிப்பு.

“நிர்வாகம் எதையும் முடிவு செய்யாது,” என்றார் ராமானுஜம். “முடிவு செய்வது எவ்வளவு வேதனையான வேலை என்று எங்களுக்குத் தெரியும். அதனால்தான் அதைக் குழந்தைகளிடம் கொடுக்கிறோம். குழந்தைகளுக்குக் கள்ளம் கிடையாது.”

நீலச் சட்டைகளிலேயே வயதில் மூத்தவர் ஏசுபாதம். கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பை லைன் முழுக்கப் பங்கு போட்டுவிட்டுத் தான் வெறும் மோர்ச்சோறு சாப்பிடுகிற மனுஷன். அவர் எழுந்து கேட்டார்.

“சார், எனக்கு முட்டி நோவு. நான் வரலன்னா?”

“கட்டாயமே இல்லை ஏசுபாதம். ரோமில்கூடத் தன்னார்வலர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். வராதவர்கள் தோற்றவர்களாகக் கருதப்படுவார்கள், அவ்வளவுதான்.”

எல்லோரும் தன்னார்வலர்களானார்கள்.

யாருக்கு என்ன ஆயுதம் என்று பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு எல்லப்பனுடையது. கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற ஒப்பந்தக்காரர். ரோமிலும் வீரர்களை வளர்த்து வாடகைக்கு விடுகிறவன் ஒருவன் இருந்தானாம். அதைக் கேட்டதிலிருந்து எல்லப்பன் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தார்.

“ஆல்வினு, நீ கத்தி, கேடயம். கலை, நீ அவனுக்கு ஜோடி. வலையும் மூணுமுள் ஈட்டியும்.”

“எனக்கு வலை வீசத் தெரியாது அண்ணாத்த.”

“இன்னா தெரியாது? செங்கல்பட்டு ஜில்லாதான நீ? ஜில்லாவுக்குக் கடல் கீது இல்ல?”

“எங்கூர்ல ஏரிதான் கீது.”

“ஏரியில மீன் இல்லியா?”

“கீது. அது ஏலம் எடுத்தவனோட மீனு. கிட்ட போனா ஒதைப்பான்.”

“பேஜாரு பண்ணாத. ராமானுஜம் சாருக்குச் சொல்லிட்டேன். கடல் ஜில்லாக்காரன், வலைல பொறந்து வலைல வளந்தவன்னு. சந்தோசப்பட்டாரு.”

ராமானுஜம் பிறந்து வளர்ந்தது கும்பகோணம். இந்தப் பக்கத்தில் கறுப்பாக இருப்பவர்கள் எல்லோரும் கடலிலிருந்து வந்தவர்கள் என்பது அவர் கணிப்பு. கலைவாணன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சதுரங்கப்பட்டினம் கடற்கரைக்குப் போய் மீனவர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி வலை வீசப் பழகினான். முதல் வாரம் வலை அவன் தலையில் விழுந்தது. இரண்டாவது வாரம் ஒரு நாய்மேல் விழுந்தது. இந்த அளவு போதும், இதையே வைத்துக்கொள் என்று மீனவர்கள் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இன்னொரு சிக்கல் முளைத்தது. மற்ற வீரர்களுக்கெல்லாம் தலைக்கவசம் உண்டு, வலைக்காரனுக்கு மட்டும் கிடையாது என்று வரலாறு சொல்கிறது. பாதுகாப்பு அதிகாரி நிதின் ஒத்துக்கொள்ளவில்லை. இளைஞர். விதிமுறைகளைச் சாமி மாதிரி கும்பிடுகிறவர்.

“சார், தலையில பட்டா?” என்று ராமானுஜத்திடம் கேட்டார்.

“பட வேண்டாமா நிதின்? வலைக்காரனுக்கு ஏன் தலைக்கவசம் இல்லை தெரியுமா? விழும்போது முகம் தெரியணும். அதைப் பார்க்கிறதுக்காகவே ஒரு சக்கரவர்த்தி முன்வரிசையில் வந்து உட்காருவாராம். முகத்தை மூடிவிட்டால் குடும்பங்கள் எதைப் பார்க்கும்?”

மூன்று கூட்டம் போட்டுச் சமரசத்துக்கு வந்தார்கள். தலை திறந்திருக்கும். ஆனால் மூக்குக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தகடு. அடி விழுவதை அது தடுக்காது, மறைக்கவும் மறைக்காது. வரலாறும் பாதுகாப்பும் கை குலுக்கிக்கொண்டன.

ஒரு நாள் சாயங்காலம் கலைவாணன் வீட்டில் அவனும் ஜெனிட்டாவும் ஆல்வினும் டீயை ஆறவிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜெனிட்டாதான் முதலில் வாய் திறந்தாள்.

“யாரு வுழுந்தாலும் என் வூட்டு ஆளுதான். இன்னா பண்றது சொல்லுங்க.”

“நான் வுழறேன்க்கா,” என்றான் ஆல்வின். “மாமாவுக்குக் கொயந்த கீது.”

“நீ வுழுந்தா ஷாரோன் அப்பன் அன்னிக்கே வேற மாப்பிள்ள பாப்பான்,” என்றான் கலைவாணன். “நான் வுழறேன் மச்சான். எனக்கு ஒண்ணும் ஆவாது. லோகநாயகி அம்மாவுக்கு என்னைத் தெரியும்.”

லோகநாயகி ராமானுஜத்தின் மனைவி. அவர்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் எப்போது மக்கர் பண்ணினாலும் ஷிஃப்டு முடிந்து போய்ச் சரி செய்பவன் கலைவாணன். வெள்ளத்தின்போது இடுப்பளவு தண்ணீரில் நின்று அவர்கள் ஃபிரிட்ஜைத் தலையில் சுமந்து மாடிக்கு ஏற்றியவனும் அவன்தான். அந்த அம்மாள் பேப்பர் கப்பில் அல்ல, வீட்டு டம்ளரிலேயே காபி கொடுத்தாள். அவன் பெண் என்ன படிக்கிறாள் என்று கேட்டாள். அந்த டம்ளரை அவன் மறக்கவே இல்லை.

“அந்தம்மாதான் அன்னிக்கு சீஃப் கெஸ்ட்டு. குடும்பங்க பாதிப் பாதியா நின்னா அவங்க விரல்தான் முடிவு. என் மூஞ்சியப் பாத்துட்டு கீழ காட்டுவாங்களா?”

“உன் பேரு தெரியுமா அந்தம்மாவுக்கு?” என்று கேட்டாள் ஜெனிட்டா.

“தெரியாம இன்னா? போன்ல ‘மோட்டார் கலை’ன்னு போட்டு வச்சிகீறாங்க.”

ஜெனிட்டா ஆறின டீயை எடுத்துக்கொண்டு போனாள். ஆல்வினுக்கு வெள்ளைச் சட்டை, கலைவாணனுக்கு இன்னொரு பதினோரு மாதம், இரண்டு வீடும் பிழைத்துவிடும் என்று முடிவாயிற்று. அவள் மட்டும் அடுக்களையில் நின்று வெகுநேரம் அழுதாள். எதற்கு அழுகிறோம் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை.

குடும்ப விழா மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சவுக்குக் கம்பு நட்டுக் கீற்று வேய்ந்து வட்டமாக அரங்கம் கட்டியிருந்தார்கள். மேடையில் வெள்ளைச் சட்டைக் குடும்பங்கள், கையில் அட்டையில் வெட்டிய பெரிய கட்டைவிரல்கள். நீலச் சட்டைக் குடும்பங்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. பாசம் இருக்கும் இடத்தில் நியாயம் இருக்காது என்று ராமானுஜம் விளக்கம் சொன்னார். ஜெனிட்டா மற்றப் பெண்களோடு கீற்று வேலிக்கு வெளியே வெயிலில் நின்றாள். ஷாரோனின் அப்பாவுக்கு மட்டும் ஆல்வின் எப்படியோ எல்லப்பனைப் பிடித்து மேடையில் ஓரமாக ஒரு நாற்காலி வாங்கியிருந்தான்.

முதலில் விருந்து. சண்டைக்கு முன்னால் வீரர்களுக்குப் பெரிய விருந்து வைப்பதும், ஊர் வந்து அவர்கள் சாப்பிடுவதை வேடிக்கை பார்ப்பதும் ரோமாபுரி வழக்கமாம். மட்டன் பிரியாணி, இறால் தொக்கு, ஆளுக்கு இரண்டு முட்டை. வாழ்நாளில் முதல் தடவையாகக் கம்பெனி முட்டை நீலச் சட்டையின் இலையில் விழுந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் குடும்பங்கள் நின்று படம் எடுத்தன. எவ்வளவு பசித்தாலும், மென்று விழுங்குவதை நூறு பேர் பார்த்தால் சோறு தொண்டையைத் தாண்டாது. ஏசுபாதம் பழக்க தோஷத்தில் தன் முட்டையைப் பக்கத்து இலையில் வைத்தார்.

ராமானுஜத்தின் மகள் சஹானா அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பா, இதுல யார் யார் போகப் போறாங்க?”

“அது இன்னும் தெரியாதுடா கண்ணா. தெரிஞ்சா சுவாரஸ்யம் போயிடும்.”

லோகநாயகி இலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தவள் கலைவாணன் முன்னால் நின்றாள். முகம் மலர்ந்தது.

“அட, கலை, நீங்களா? நல்லா சாப்பிடுங்க. கூச்சப்படாதீங்க. இவருக்கு இன்னொரு குலாப் ஜாமூன் வைங்கப்பா.”

கலைவாணன் ஆல்வினைப் பார்த்துக் கண்ணாலேயே சொன்னான், பார்த்தாயா என்று. அந்த குலாப் ஜாமூன் மட்டும் அவன் தொண்டையில் சுகமாக இறங்கியது.

பிறகு உறுதிமொழி. தினமும் ஷிஃப்டு தொடங்கும் முன்பு கை நீட்டிச் சொல்லும் பாதுகாப்பு உறுதிமொழிதான். ரோமாபுரி வீரர்களின் சத்தியத்தை அதோடு இணைத்திருந்தார்கள். சுட்டாலும், கட்டினாலும், அடித்தாலும், இரும்பால் வெட்டினாலும் பொறுத்துக்கொள்வேன் என்பது பழைய சத்தியம். அதையெல்லாம் பொறுத்துக்கொள்வதோடு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கும் போக மாட்டேன் என்று கம்பெனி ஒரு வரி சேர்த்திருந்தது. எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். தினமும் ஷிஃப்டுக்கு முன்னால் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல்.

முதல் ஜோடியிலேயே ஒருவனுக்கு முழங்கால் மடங்கி டப்பென்று சத்தம் கேட்டது. அவன் மணலைக் கடித்துக்கொண்டு அலறினான். நிதின் கறுப்பு அங்கியும் பேய் முகமூடியும் போட்டுக்கொண்டு ரப்பர் சுத்தியலோடு வந்தார். விழுந்தவன் நிஜமாகவே செத்தானா என்று தட்டிப் பார்க்கிற தெய்வம் ரோமில் ஒன்று உண்டாம். நெற்றியில் தட்டினார். அவன் கெட்ட வார்த்தையில் திட்டினான்.

“நினைவு இருக்கு,” என்று நிதின் அறிவித்தார்.

கம்பெனி வாசலில் ‘விபத்தில்லா நாட்கள்’ என்று ஒரு பலகை உண்டு. அதில் எண் ஏறிக்கொண்டே போனால் நிதினுக்குக் கோப்பை, பூஜ்யத்துக்கு வந்தால் நிதினே போக வேண்டியதுதான். மேடையிலிருந்து ஒரு பெண், இது விபத்து இல்லையா என்று கேட்டாள். நிதின் முகமூடியைத் தூக்கிப் பொறுமையாகப் பதில் சொன்னார்.

“மேடம், எதிர்பாராம நடந்தாத்தான் விபத்து. இதை எல்லாரும் எதிர்பார்த்துத்தானே வந்திருக்கோம்?”

நியாயம்தான் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். முழங்கால்காரனுக்குக் கட்டைவிரல் கீழே போயிற்று. நொண்டியை வைத்துக்கொண்டு லைனில் என்ன செய்வது? ரோமில் பிணத்தை இழுக்கிற மாதிரி இடுப்பு பெல்ட்டில் கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். புது மணல் தூவினார்கள்.

அடுத்து கலைவாணனும் ஆல்வினும். கலைவாணன் இடது தோளில் வலை, வலது கையில் ஈட்டி, மூக்குக்கு முன்னால் கண்ணாடித் தகடு. ஆல்வின் கையில் சவுக்கு மரக் கத்தி, கழிவுத் தகட்டில் செய்த கேடயம். பேசி வைத்தபடி சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஆல்வின் வெட்டுவதுபோல் வெட்டினான், கலைவாணன் குத்துவதுபோல் குத்தினான். மேடை ஆசையோடு பார்த்தது. அந்த நேரம் ஆல்வினின் கேடயத்துப் பட்டையில் இருந்த நட்டு கழன்று ஆடியது.

கலைவாணனின் கண் அதில்தான் போய் நின்றது. லூஸான நட்டை அடுத்த ஸ்டேஷனுக்கு அனுப்பக் கூடாது. வருஷா வருஷம் புதிதாகச் சேரும்போதெல்லாம் அவனுக்குச் சொல்லிக் கொடுத்த ஒரே பாடம் அது. ஈட்டியைக் கீழே போட்டான். எதிராளியின் கேடயத்தைப் பிடித்தான். நட்டைக் கையாலேயே முடுக்கினான், இழுத்துப் பார்த்தான். ஆல்வினும் லைனில் நிற்பதுபோலவே கேடயத்தை வாகாகச் சாய்த்துப் பிடித்துக் காட்டினான். முடித்ததும் கலைவாணன் ‘ஓகே’ என்று வேறு சொன்னான்.

மேடை ஊளையிட்டது. காசைத் திருப்பிக் கொடு என்று ஒரு குழந்தை கத்தியது. காசு கொடுத்து யாரும் வரவில்லை. இரண்டு பேரும் கூட்டு, ஏமாத்து என்று அட்டை விரல்களை மேலும் கீழும் ஆட்டினார்கள். ராமானுஜத்தின் முகம் கறுத்தது. எல்லப்பன் ஒரு மூங்கில் தடியோடு மணலில் குதித்தார்.

“இன்னாடா வெளாட்டு காட்டிகினு கீறீங்க? எம் மானத்த வாங்காதீங்க. அடிடா. நெஜமா அடிடா ஆல்வினு. இல்லன்னா ரெண்டு பேருக்கும் கீழதான்.”

தடி ஆல்வின் முதுகில் இறங்கியது. இரண்டு தடவை, மூன்று தடவை. ஆல்வின் கத்தியை ஓங்கினான். முதல் அடி தோளில் விழுந்தது, பொய்யடி. மேடை உறுமியது. இரண்டாவது அடி பொய்யில்லை. மூன்றாவது அடியில் மேடை எழுந்து நின்று கைதட்டியது. ராமானுஜம் சொன்னது சரிதான், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஆல்வினை எழுந்து நின்று பார்த்தார்கள். நாலாவது அடியின்போது கலைவாணன் ஆல்வினின் கண்ணைப் பார்த்தான். தலைக்கவசத்தின் ஓட்டைக்குள் அது வேறு யாருடைய கண்ணோ மாதிரி இருந்தது. கைதட்டலைக் கேட்டு அது பெரிதாகியிருந்தது.

கலைவாணன் பேசி வைத்தபடிதான் விழுந்தான். ஆனால் அதற்குள் விழ வேண்டியதாகவும் ஆகிவிட்டிருந்தது. கண்ணாடித் தகடு உடைந்து புருவத்தில் ரத்தம். மல்லாந்து கிடந்து, சொல்லிக் கொடுத்தபடி ஆள்காட்டி விரலை உயர்த்தி உயிர்ப்பிச்சை கேட்டான்.

நட்டு முடுக்கிய கோபம் மேடைக்கு இன்னும் ஆறவில்லை. பாதி விரல்கள் கீழே. ஆனால் ரத்தம் பார்த்த தாய்மார்கள் மேலே காட்டினார்கள். எண்ணிப் பார்த்தாலும் சரிபாதி. ராமானுஜம் பணிவோடு பக்கத்தில் திரும்பினார். லோகநாயகி எழுந்தாள்.

கலைவாணன் வலிக்கு நடுவிலும் சிரிக்க முயன்றான். முகம் நன்றாகத் தெரியட்டும் என்று தலையைக்கூடக் கொஞ்சம் திருப்பி வைத்தான். அவளும் அவனை அடையாளம் கண்டுகொண்டாள். அதில் சந்தேகமே வேண்டாம். மைக் அவள் கைக்கு வந்தது.

“இவரை எனக்கு நல்லாத் தெரியும். கலை. ரொம்ப நல்ல மனுஷர். எவ்வளவு வேலை இருந்தாலும் ஷிஃப்டு முடிச்சு எங்க வீட்டுக்கு ஓடி வருவார். பாவம், அந்த அலுப்போட வருவார். எனக்கே பார்க்கக் கஷ்டமா இருக்கும்.” அவள் குரல் தழுதழுத்தது. “இந்தக் கம்பெனி வேலையும் இல்லேன்னா அவர் நிம்மதியா, முழு நேரமா எங்க வீட்டையே பார்த்துக்கலாம். தோட்டமும் இருக்கு. அவர் நல்லதுக்குத்தான்.”

அவள் கட்டைவிரல் கீழே போயிற்று. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேடை நெகிழ்ந்துபோய்க் கைதட்டியது.

தோற்றவனின் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைக் கயிற்றை ஜெயித்தவன்தான் அறுக்க வேண்டும். அது வழக்கம். அதற்கென்று ஒரு நிஜக் கத்தி, வெல்வெட் தட்டில் வந்தது. ஆல்வின் தலைக்கவசத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குனிந்தான்.

“மாமா, நான் அறுக்க மாட்டேன். எழுந்து வா. ரெண்டு பேரும் பூடலாம்.”

“லூசு மாதிரி பேசாத. ஷாரோன் அப்பா பாத்துகினு கீறாரு. அறு.”

“மாமா.”

“கயிறுதான மச்சான். கயுத்து இல்ல. அறு.”

கலைவாணன் மண்டியிட்டு, ஆல்வினின் தொடையைப் பிடித்துக்கொண்டு, கயிறு வாகாகக் கிடைக்கும்படி கழுத்தை நீட்டினான். அந்தக் காலத்து வீரர்களும் இப்படித்தான் நீட்டினார்களாம். ஆல்வின் அழுதுகொண்டே அறுத்தான். அறுத்த கையில் மரக்கத்தியைத் திணித்தார்கள். தோளில் வெள்ளைச் சட்டையைப் போட்டார்கள். மேடையின் ஓரத்தில் ஷாரோனின் அப்பா எழுந்து, அதுதான் தன் மாப்பிள்ளை என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நிதின் சுத்தியலால் நெற்றியில் தட்டினார். மெதுவாகத்தான் தட்டினார், நல்ல பையன். பிறகு கொக்கி. மணலில் இழுபட்டு, கீற்று வேலியில் இருந்த சின்ன வாசல் வழியாகக் கலைவாணன் வெளியே வந்து விழுந்தான். அட்டை இல்லாததால் செக்யூரிட்டி அவனை மறுபடி உள்ளே விடவில்லை. நீலச் சட்டையையும் கழற்றி வாங்கிக்கொண்டான், அது கம்பெனியுடையது. ஜெனிட்டா முந்தானையைக் கிழித்துப் புருவத்தைக் கட்டினாள்.

“வா, வூட்டுக்குப் போலாம்.”

“இரு. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிறேன்.”

மூச்சு வாங்குகிற நேரத்தில் கீற்று இடுக்கில் கண்ணை வைத்தான். ஏன் வைத்தான் என்று அவனுக்குத் தெரியாது. உள்ளே அடுத்த ஜோடி. முட்டி வலிக்காரர் ஏசுபாதம் ஏற்கெனவே விழுந்து கிடந்தார். சண்டை போடுவதற்கு முன்பே விழுந்துவிட்டாராம். மேடைக்கு அவரைப் பிடித்துப் போய்விட்டது. நரைத் தலையை மணலிலிருந்து தூக்கிக் குழந்தைகளைப் பார்த்துச் சிரித்தார். குழந்தைகளும் சிரித்தன. விரல்கள் ஒவ்வொன்றாக மேலே போயின. சஹானா நாற்காலிமேல் ஏறி நின்று மேலே காட்டினாள். லோகநாயகி மேலே. வெள்ளைச் சட்டையில் புதிதாக உட்கார்ந்திருந்த ஆல்வின் இரண்டு கையாலும் மேலே. ராமானுஜமே புன்னகைத்தார். பிழைத்துவிட்டார் மனுஷன். யாரைப் பார்த்தாலும் மேலே, மேலே.

அப்போது வேலிக்கு வெளியிலிருந்து ஒரு குரல் கிழித்துக்கொண்டு கிளம்பியது. “கீழ! கீழ காட்டுங்க! அவருக்கும் கீழ!” அந்தக் குரலில் இருந்த வெறியில் மேடையே திரும்பிப் பார்த்தது. ஒரு பையன் சிரித்துக்கொண்டே அதைத் திருப்பிச் சொன்னான். பின்வரிசை பிடித்துக்கொண்டது. கீழே, கீழே என்று சவுக்குக் கம்புகள் ஆடின. சரசரவென்று விரல்கள் கவிழ்ந்தன. ராமானுஜம் மைக்கில் குதூகலித்தார்.

“பாருங்கள் நண்பர்களே, வெளியே இருப்பவர்களும் பங்கெடுக்கிறார்கள். நம் நிறுவனத்தில் பாகுபாடே கிடையாது.”

ஏசுபாதம் மணலில் கிடந்தபடியே வேலிப் பக்கம் திரும்பி, தெரிந்த குரலாக இருக்கிறதே என்பதுபோல் தேடினார். கலைவாணனும் தேடினான். எந்தப் படுபாவி கத்தியது என்று இடமும் வலமும் பார்த்தான். பக்கத்தில் நின்ற பெண்கள் அவனைவிட்டு ஒதுங்கி நின்றார்கள். ஜெனிட்டா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவனுக்குத் தன் தொண்டை எரிவது தெரிந்தது.